கட்டிப்பால்

“இன்னைக்கும் கட்டிப்பாலா? போச்சு வீரம்மா, உன் பேர வெட்டிருவாங்க!”

பால் ஸ்டோர் வரிசையில் முன்னால் நின்ற மாரியாயி, வீரம்மாவின் வாளிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

ரப்பர் பால் தண்ணியாக ஸ்டோருக்கு வந்து சேர வேண்டும். அசிட் ஊற்றி உறைய வைப்பது ஸ்டோர்க்காரர்கள் வேலை. வழியிலேயே வெயிலில் கட்டிதட்டினால் மட்டச் சரக்கு. ஒரே வாரத்தில் மூன்று தரம் அப்படி வந்தால் வேலையும் கிடையாது, லயத்தில் அறையும் கிடையாது. மலாயாவில் கிள்ளானுக்கு அப்பால் இருந்த அந்தத் தோட்டத்தில் துரை போட்ட சட்டம் அது. வீரம்மாவுக்கு இன்றோடு மூன்று.

அவள் என்ன செய்வாள்? எட்டு மாதப் பிள்ளைக்கு மூன்று நாளாக அனலாய்க் காய்ச்சல். வாளியை மரத்தடியில் வைத்துவிட்டு, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா கொட்டகைக்கு ஓடிப்போய்ப் பால் கொடுத்துவிட்டு வருகிறாள். அதை வெளியே சொன்னால், வேலை நேரத்தில் மரத்தை விட்டுப் போன குற்றம் வேறு சேரும்.

ரவாங் பக்கம் ஈயம் தோண்டப் போன புருஷனிடமிருந்து ஆறு மாதமாகத் தகவல் இல்லை. பேரை வெட்டினால் கைக்குழந்தையோடு எங்கே போவது?

அவள் முறை வந்தது. மேசையில் கணக்கு எழுதும் கிராணி சண்முகரத்தினம். யாழ்ப்பாணத்து மனுஷர். சிரித்தால் வேலை போய்விடும் என்பது போல எப்போதும் ஒரு முகம்.

“ஐயா, புள்ளைக்குக் காய்ச்ச...”

“வாயை மூடு! உன்ர கதையை இப்ப ஆர் கேட்டது?”

வெளியே துரையின் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது.

கிராணி ஜன்னல் வழியே ஒரு தரம் பார்த்தார். சட்டென்று அவள் வாளியைப் பிடுங்கி, அத்தனை பேர் பார்க்க, ஒரு குவளை அசிட்டை அதற்குள் கவிழ்த்தார். மிச்சமிருந்த பாலும் கெட்டிப்பட்டு ஒரே கட்டியாகிவிட்டது.

“ஐயோ! வடிகட்டினா பாதியாவது தேறியிருக்குமே ஐயா!”

உள்ளே வந்த துரை வாளியைப் பார்த்தார், மோந்தார். முகம் சிவந்துவிட்டது. கிராணி எழுந்து நின்று இங்கிலீஷில் படபடவென்று ஏதோ சொன்னார். ‘கோவாகுலேட், கோவாகுலேட்’ என்று ஒரு சொல் மட்டும் நாலைந்து தரம் வீரம்மா காதில் விழுந்தது. துரை போட்ட கூச்சலில் தகரக் கூரையே அதிர்ந்தது.

“போ, போ! இஞ்சை நிக்காதை!” என்று கிராணி அவளை விரட்டினார்.

ஸ்டோர் வாசலிலேயே மண்ணை வாரித் தூற்றினாள் வீரம்மா. “என் வயித்தில அடிச்சவன் நல்லாருப்பானா!” லயத்துக்குப் போய்த் துணிகளை மூட்டை கட்டி வைத்தாள்.

ஆனால் மறுநாள் காலை, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் எப்போதும் போல அவள் பேரைக் கூப்பிட்டார்கள்!

விக்கித்துப்போனவள், ஸ்டோரில் உருளை சுற்றும் பழனியப்பனைப் பிடித்துக்கொண்டாள். துரை பங்களாவில் முன்பு சமையல் பார்த்தவர். இங்கிலீஷ் தெரியும்.

“அண்ணே, கோவாகுலேட்டுன்னா என்ன?”

“பால் கட்டியா உறையறதும்மா.”

“அப்ப என்னையத்தானே போட்டுக் குடுத்தாரு? பேர ஏன் வெட்டல?”

“அடி பைத்தியக்காரி! ‘அவ பால் தண்ணியாத்தான் வந்துச்சு, நான்தான் கைதவறி அசிட்ட ஊத்தி உறைய வச்சுட்டேன்’னாரு. வாளியில அசிட் வாடை அடிச்சதால தொரயும் நம்பிட்டாரு. அஞ்சு வருஷம் கழிச்சு அடுத்த மாசம் ஊருக்குப் போக இருந்த மனுஷன். அந்த லீவையே தொர நிறுத்திப்புட்டாரு!”

வீரம்மாவுக்கு, நேற்றுத் தூற்றிய மண் தன் தலையிலேயே விழுந்தது போலிருந்தது. இப்படியும் ஒரு மனுஷரா! ஸ்டோருக்கு ஓடினாள்.

“ஐயா...”

கைகூப்பி நின்றவளைக் கிராணி ஏறிட்டும் பார்க்கவில்லை. முகத்தில் அதே கடுகடுப்பு. பேரேட்டில் எழுதிக்கொண்டே, யாருக்கும் கேட்காத குரலில் கேட்டார்:

“பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுட்டுதோ?”