ரெண்டாவது ஆள்
மகளின் பள்ளி மடிக்கணினியில் ‘தடை செய்யப்பட்டது’ என்ற சிவப்பு எழுத்து அசையாமல் நிற்கிறது. வீடியோ கேம் விளையாடும் பழைய பெட்டி பழுதாகிவிட்டதால், அதன் வேலையைச் செய்யும் எமுலேட்டர் மென்பொருளில் அந்த கேமை அவள் திறக்கப் பார்க்கிறாள். “திருட்டுக் காப்பிக்கெல்லாம் அனுமதி கிடையாதும்மா,” என்கிறார் கணினி ஆசிரியை. “திருட்டா? எங்கப்பா உருவாக்கின கேம், டீச்சர்!” “அப்போ உரிமை உள்ளவங்க வந்து சொல்லணுமே.” “சொல்லத்தான் வந்திருக்கேன். அவர் போனதுக்கப்புறம் அது எனக்குச் சொந்தம்,” என்கிறேன் நான். ஆசிரியை என் முகத்தை ஒரு கணம் பார்த்துவிட்டுக் கடவுச்சொல்லைத் தட்டுகிறார். சிவப்பு மறைகிறது. என் கணவர் குளிக்கும்போது முணுமுணுத்தே அமைத்த மெட்டு, கீச்சுக்குரலில், வெயில் விழுந்த வகுப்பறை முழுக்கப் பாய்கிறது. “தள்ளு, ரெண்டாவது ஆள் நான்,” என்று ஆசிரியை நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்கிறார். முதல் சுற்றிலேயே மகள் அவரை மண்ணைக் கவ்வ வைக்கிறாள், அவள் அப்பா என்னைத் தோற்கடித்ததுபோலவே, கொஞ்சமும் ஈவிரக்கமில்லாமல்.