செயின் பார்க்கும் படலம்

பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை நாலாம் மாடியில் ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பெண்ணின் அப்பா ஸ்ரீஸ்கந்தராசா கீழே, வாகனங்கள் நிறுத்தும் இடத்தில், மாப்பிள்ளையின் மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் குந்தியிருந்தார்.

“தண்ணி மோட்டரைப் போட்டிட்டு வாறன்” என்று சொல்லிவிட்டுத்தான் இறங்கினார். அது பொய் என்று மகள் ஆரணிக்குத் தெரியும்.

செயினை ஒழுங்காக வைத்திருக்காதவன் பெண்டாட்டியையும் ஒழுங்காக வைத்திருக்கமாட்டான் என்பது அவர் கட்சி. பஸ் டிப்போவில் முப்பது வருடம் போர்மனாக இருந்தவர். செயின் விஷயத்தில் அவரை எதிர்த்துப் பேச வெள்ளவத்தையில் ஆளில்லை.

இதனாலேயே இரண்டு சம்பந்தம் குழம்பிப் போயிருந்தது. கார் விலையைக் கேட்டாலே காய்ச்சல் வருகிற காலம் இது. முதலில் வந்த டொக்டர் மாப்பிள்ளைகூட பைக்கில்தான் வந்தார்.

“செயின் துருப்பிடிச்சுக் கிடக்குது. எண்ணெய் காட்டி ஆறு மாசமிருக்கும். இவரோ என்ர பிள்ளையைப் பாக்கப்போறார்?”

டொக்டர் போனார். அடுத்து பாங்க் மனேஜர்.

“செயினை மட்டும் புதுசாப் போட்டிருக்கிறார். முன்னுக்கும் பின்னுக்கும் செயின் ஓடுற பல்லுச் சில்லு பழசு. மூண்டையும் சேர்த்தெல்லோ மாத்த வேணும்? இல்லாட்டிப் பழைய பல்லு புதுச் செயினைத் தின்னுபோடும். ஆள் வெறும் மேல்பூச்சு.”

மனேஜரும் போனார். கல்யாண வீடு, செத்த வீடு எங்கே போனாலும் சொந்தக்காரருக்குச் சிரிக்க இந்தக் கதை இருந்தது.

இன்று வந்தவன் தேனுஜன். தரகர் கொண்டுவந்த சம்பந்தம் என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருந்தார்கள். தரகரை அனுப்பியதே ஆரணிதான். மூன்று வருடமாக அவனைத் தவிர வேறு நினைப்பில்லை அவளுக்கு.

அவனிடம் ஒரே குறை, செயின்.

அவன் பிரதான சாலையான காலி வீதியில் திரும்பும்போதே நாலாம் மாடிக்குக் கேட்கும். இன்றும் கேட்டது. “ரயில் என்ன இண்டைக்கு ரோட்டால வருது?” என்றார் அம்மா சிவக்கொழுந்து. ஆரணிக்கு வியர்த்துவிட்டது.

போன கிழமையே அவனைக் கொட்டாஞ்சேனைக்கு, பிறெடி அண்ணையின் கராஜுக்கு விரட்டியிருந்தாள். பிறெடி பின்சில்லில் செயினைப் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டு, “தம்பி, இழுக்கேக்க பல்லு பாதி வெளியில தெரிஞ்சாலே மாத்த வேணும். உங்கட பல்லு முழுசாத் தெரியுது. இவ்வளவு நாளும் இது ஓடினதே பெரிய விஷயம்” என்றார். ஆனால் இந்த பைக்குக்கு வேண்டிய செட் இனி வருகிற வெள்ளிதான் கிடைக்குமாம். இன்று ஞாயிறு.

ஆரணி பல்கனியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு செயினை இழுத்தார். அது தாராளமாக வந்தது. கொக்கி கொக்கியாய் வளைந்திருந்த பற்களை விரலால் தடவினார். தலையை ஆட்டினார். சில்லைச் சுற்றிவிட்டுத் திரும்ப இழுத்தார். திரும்பவும் தலையை ஆட்டினார்.

அவள் உள்ளே வந்து தேனுஜனைப் பார்த்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் அவனுக்கு ரோல்ஸ் தொண்டையில் நின்றது.

அப்பா மேலே வந்தார். சவர்க்காரம் போட்டு நன்றாகக் கை கழுவினார். துவாயில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். தேனுஜனின் தாய் கேக் துண்டைத் திரும்பத் தட்டில் வைத்துவிட்டார். அவருக்கும் அந்தக் கதைகள் தெரியும்.

“செயின் முதல்தரம்” என்றார் ஸ்ரீஸ்கந்தராசா. “கல்யாணத்துக்கு நாளைப் பாருங்கோ.”

தேனுஜனுக்குப் புரையேறியது. ஆரணி தண்ணீர் எடுக்க ஓடி, குசினிக்குள் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றி ஆடிவிட்டு, வெறுங்கையோடு திரும்பி வந்தாள்.

எல்லாரும் புறப்பட்டபோது லிப்ட் வரை போன அப்பா, தேனுஜனின் தோளைத் தொட்டார். “தம்பி, மெதுவாப் போங்கோ. அக்சிலேட்டரை இழுத்துப் பிடிக்காதேங்கோ.”

“சரி அங்கிள்” என்றவன் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

கதவு சாத்தியதும் சிவக்கொழுந்து அவரைப் பிடித்துக்கொண்டார். ஆரணி குசினியில் கோப்பை கழுவுவதுபோல் நின்று காதை நீட்டினாள்.

“என்னப்பா, எனக்கே காது கிழிஞ்சுது. நீங்கள் முதல்தரம் எண்டுறியள்?”

“முடிஞ்ச செயின். போன வருசமே மாத்தியிருக்க வேணும். இந்தக் கிழமைக்குள்ள நானே கூட்டிக்கொண்டு போய் மூண்டையும் மாத்துவிப்பன்.”

“அப்ப ஏன் ஓமெண்டனீங்கள்?”

“மூண்டு வருசமா ஒவ்வொரு பின்னேரமும் அந்தச் சத்தம் ரோட்டு முடக்கில வந்து நிண்டுபோட்டுப் போகுது. அதுக்குப் பிறகுதான் எங்கட பிள்ளை சிரிச்சுக்கொண்டு மேல வாறது. உமக்குத்தான் அது ரயில்.”

குசினியில் ஒரு கோப்பை கைநழுவியது.

சிவக்கொழுந்துக்குக் கோபம் வந்துவிட்டது. “அப்ப அந்த டொக்டரும் மனேஜரும் என்ன பாவம் செய்தவை? செயினைச் சாட்டி அனுப்பினீங்களே.”

ஸ்ரீஸ்கந்தராசா மிச்சமிருந்த ரோல்ஸை எடுத்துக் கடித்தார்.

“அவை ரெண்டு பேரின்ர செயினிலயும் ஒரு பிழையுமில்லையப்பா. பிள்ளை வேண்டாமெண்டால் சனம் பிள்ளையைக் கதைக்கும். செயின் சரியில்லை எண்டு நான் சொன்னால், என்னை விசரன், பைத்தியம் எண்டுபோட்டுப் போகும்.”