தானாக வந்த சாமி

“சாமியைத் தோண்டி எடுங்கோ. எனக்கு எங்கடை காணி வேணும்.”

கேட்கவே கூடாது என்று அம்மா வழி நெடுகச் சொல்லிக் கூட்டிவந்ததை, கோயில் கொட்டகைக்குள் கால் வைத்ததுமே சுபாஜினி கேட்டுவிட்டாள்.

கோயில் தலைவர் அருளம்பலம் திருநீற்றுத் தட்டோடு அப்படியே நின்றார். அம்மா பாலேஸ்வரி மகளின் கையைப் பற்றினாள்.

“என்ன கதைக்கிறாய் பிள்ளை? உங்கடை காணி பத்தைக்காடாக் கிடந்தது. வெட்டித் துப்புரவாக்கேக்கை நாங்கள் கண்ட லிங்கம். மண்ணைப் பிளந்துகொண்டு தானா வந்தது!”

“தானா வரேல்லை. எங்கடை வீட்டு ஆட்டுக்கல்லின்ரை குழவி அது. ஆரோ தலைகீழா நட்டிருக்கினம். ஆட்டுக்கல் இப்பவும் கிணத்தடியிலை வெறுமனே கிடக்கு, போய்ப் பாருங்கோ.”

“லிங்கத்தைக் குழவி எண்ட வாய் அழுகிப்போகும்!”

“லிங்கமெண்டால் என்னெண்டு தெரியுமோ உங்களுக்கு? ஆண்குறி. கீழை இருக்கிற ஆவுடையார் பெண்குறி. ரெண்டும் சேர்ந்தால்தான் உலகம் எண்டு கும்பிட்டிருக்கினம். ஆட்டுக்கல்லும் குழவியும் அதே உருவம்தானே? அதாலைதான் உங்களுக்குக் குழவி லிங்கமாத் தெரிஞ்சுது.”

“அப்பா, உவள் கம்பசிலை படிச்சது உதுதானாம்!” என்று சிரித்தான் அருளம்பலத்தின் மகன் செந்தூரன்.

வேறு யாரும் சிரிக்கவில்லை. வெளியே நின்ற ஆண்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்து வாசலை மறித்தார்கள். “ஒரு குமர்ப்பிள்ளை கதைக்கிற கதையே இது?” என்று ஒரு குரல் உறுமியது. சுபாஜினி நகரவில்லை.

அவளுக்கு அம்மாவின் பயத்தில்தான் ஆத்திரம். அப்பா காணாமல் போனபோது சுபாஜினி சின்னப் பிள்ளை. ஆம்பிளைகளை வீட்டிலிருந்து பிடித்துக்கொண்டு போய்த் திரும்ப விடாத போர்க்காலம் அது. அயலிலே யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அம்மா அவளைத் தூக்கிக்கொண்டு நீர்வேலிக் கிராமத்துக்குப் போனவள்தான், காணியைத் திரும்பிப் பார்க்கவில்லை. கோயிலுக்கென்று கேட்டதும் வாய் திறக்காமல் விட்டுக்கொடுத்தாள். மற்றப் பெண்கள் காணாமல் போன புருசன்மாரின் படங்களோடு நியாயம் கேட்டு வீதியில் குந்தியிருந்தபோது, அங்கேயும் போகவில்லை. எதற்கெடுத்தாலும் பயம்.

“சரி, தோண்டுவம்,” என்றார் அருளம்பலம். “குழவியெண்டால் அடியிலை கைபிடிக் குழி இருக்கும். இருந்தால் காணியை எடு. இல்லையெண்டால், தாயும் மகளும் இந்த ஊர்ப்பக்கமே தலைவைச்சுப் படுக்கக் கூடாது. செந்தூரன், அலவாங்கைக் கொண்டா!”

“ஆழமாத் தோண்டுங்கோ. வடிவாத் தெரியட்டும்,” என்றாள் சுபாஜினி.

அலவாங்கின் இரும்பு முனை மண்ணில் இறங்கியதுதான் தாமதம், பாலேஸ்வரி கத்திக் குழறிக்கொண்டு விழுந்து கல்லைக் கட்டிப்பிடித்தாள்.

“வேண்டாம்! கும்பிட்டுக் கேக்கிறன், தோண்டாதேங்கோ!”

“பார் பிள்ளை, உன்ரை தாய்க்கிருக்கிற பக்தியை!” என்றார் அருளம்பலம்.

சுபாஜினி எரிச்சலோடு குனிந்து அம்மாவைத் தூக்கினாள். அம்மா அவள் கழுத்தை வளைத்து இழுத்துக் காதுக்குள் ஏதோ முணுமுணுத்தாள்.

சுபாஜினி நிமிர்ந்தபோது முகத்தில் இரத்தமே இல்லை. செந்தூரனின் கையிலிருந்து அலவாங்கை வாங்கித் தூணோடு சாத்தினாள்.

“காணி கோயிலுக்குத்தான். இண்டைக்கே எழுதித் தாறம். ஆரும் கிண்டாமல், நல்ல தடிப்பாக் கொங்கிறீற் போட்டுக் கட்டுங்கோ.”

“சாமி காட்டிப்போட்டுது!” என்று கூட்டம் கைகூப்பி வழிவிட்டது.

அம்மாவை அணைத்துப் பிடித்தபடி, திரும்பிப் பாராமல் அவள் வெளியே நடந்தாள். அம்மா சொன்னது காதுக்குள் இன்னும் சுட்டது: “உன்ரை அப்பாவை ஆரும் கொண்டுபோகேல்லை, மோள்... குடிவெறியிலை உன்னைத் தூக்கிக் கிணத்துக்குள்ளை போடப் போனவர், என்ரை கைக்கு அம்பிட்டது அந்தக் குழவிதான். அவர் அதுக்குக் கீழைதான் கிடக்கிறார்.”