மிகவும் திருப்தி

சப்பாத்தைக் கழற்றி வைத்த கையோடு, வந்தவன் கேட்ட முதல் கேள்வி: "இந்த வீட்டுக்குப் பின்பக்கத்தாலயும் வழி இருக்கோ, ஐயா?"

நீக்கிலாப்பிள்ளை பின்கதவை ஒருதரம் திரும்பிப் பார்த்தார். "இருக்கு. ஆனால் பனி மூடிக் கிடக்கு," என்றார். தப்பி ஓடமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதுபோல இருந்தது குரல்.

வந்தவன் பெயர் சாரங்கன். முப்பது வயதிருக்கும். போரால் இடம்பெயர்ந்து வந்தவர்களின் கருத்தைக் கேட்டு எழுதுகிற வேலையாம். ஏதோ ஒரு பல்கலைக்கழகம் அனுப்பியதாம். கழுத்தில் படம் போட்ட அட்டை தொங்கியது. அவர்கள் குடியிருந்த இல்-பிசார் என்ற கனடாத் தீவுக்குப் பஸ் வருவது தேர்தல் வருவதுபோல, எப்போதாவதுதான். அப்படிப்பட்ட தீவுக்கு, பெப்ரவரிப் பனியில், ஒருவன் பஸ் பிடித்து வந்து கருத்துக் கேட்கிறான் என்றால் நம்பலாமா?

நீக்கிலாப்பிள்ளை நம்பவில்லை. முப்பது வருடத்துக்கு மேலாகத் தான் பயந்துகொண்டிருந்த ஆள் இவன்தான் என்று முடிவு கட்டிவிட்டார்.

விஷயம் இதுதான். மன்னாரிலிருந்து கனடாவுக்கு வரும் வழியில், ஜேர்மனியில் ஒரு குளிர்காலம் முழுக்க இருந்து, அங்கே அகதியாகப் பதிந்து, முடியாது என்று அனுப்பப்பட்டவர் அவர். இங்கே நடந்த அகதி விசாரணையில் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. அன்றிலிருந்து யார் எதைக் கேட்டாலும் சுற்றித்தான் பதில். "சாப்பிட்டியளோ?" என்று கோயிலில் பாதர் கேட்டால்கூட, "ஏன் பாதர், ஆர் கேக்கச் சொன்னது?" என்பார். வீடு வாங்கி, பேரப்பிள்ளை பிரெஞ்சில் ஏசுகிற அளவுக்கு வளர்ந்தும் பயம் போகவில்லை. பொய் சொல்லி எடுத்த குடியுரிமையைத் திருப்பிப் பறிக்கலாம் என்று யாரோ சொன்னது காதுக்குள்ளேயே குடியிருந்தது.

"மிகவும் திருப்தி, ஓரளவு திருப்தி, திருப்தியில்லை. இதில ஒண்டைச் சொல்லுங்கோ," என்று சாரங்கன் தாளைப் பார்த்து வாசித்தான். "முதலாவது, இந்த நாட்டில உங்கடை பாதுகாப்பு?"

"மிகவும் திருப்தி."

"ஆஸ்பத்திரி?"

"மிகவும் திருப்தி." போன மாதம் அவசரப் பிரிவில் காத்திருந்தே காய்ச்சல் மாறி, டொக்டரைப் பார்க்காமல் வீட்டுக்கு வந்தவர்.

"குளிர்?"

"மிகவும் திருப்தி."

குசினிக்குள் சட்டி மூடி ஒன்று விழுந்தது. அங்கே நின்றது மனைவி றெஜினா.

சாரங்கன் சிரிக்கவில்லை. தாளை மடித்துப் பைக்குள் வைத்துப் பையை மூடினான். ஆனால் எழும்பவில்லை. கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டான்.

"ஐயா, உங்கடை அகதி விசாரணை ஞாபகம் இருக்கோ?"

வந்துவிட்டான் விஷயத்துக்கு, என்று நினைத்தார் நீக்கிலாப்பிள்ளை.

"அது கனகாலம், தம்பி."

"முதல்ல என்ன கேட்டவை? உங்கடை குரல் நடுங்கினதோ? நடுங்கினால் பிழையாய் நினைப்பினமோ?"

"இதுவும் அந்தத் தாளில இருக்கோ?"

"இல்லை. இது வேறை."

தெருவில் ஏதோ ஒரு வண்டி சைரன் ஊதிக்கொண்டு போனது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் யன்னலைப் பார்த்தார்கள்.

றெஜினா தேத்தண்ணியும் ரோல்ஸும் கொண்டுவந்து வைத்தாள். விசாரிக்க வந்தவன் என்றாலும் வெறும் வயிற்றோடு அனுப்புகிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை. "இவருக்குப் பிரஷர், தம்பி. மறதியும் இருக்கு," என்றாள்.

"எப்ப தொடக்கம்?" என்றார் நீக்கிலாப்பிள்ளை, அவள் எதற்காகச் சொல்கிறாள் என்பது விளங்காமல்.

சாரங்கன் ரோல்ஸைத் தொடவில்லை. குரலைத் தாழ்த்தினான்.

"வழியில வேறை நாட்டில நிண்டனீங்களோ எண்டு கேட்டவையோ?"

றெஜினா தட்டை மடியில் வைத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தாள்.

"கேட்டவை."

"நிண்டனீங்களோ?"

நீக்கிலாப்பிள்ளை சுவரிலிருந்த மடுமாதா படத்தைப் பார்த்தார். மாதா வழக்கம்போல எந்தப் பக்கமும் சாயவில்லை.

"நிண்டனான். ஜேர்மனியில. அங்க ஏலாதெண்டிட்டாங்கள். இங்க வந்து, நேராய் வந்தனான் எண்டு சொன்னனான். போதுமோ? இவளுக்கு ஒண்டும் தெரியாது. இவளை விட்டிடுங்கோ."

"எனக்கு எல்லாம் தெரியும்," என்றாள் றெஜினா. "வாயைத் திறக்காதையுங்கோ எண்டு சொன்னதே நான்தான். அனுப்பிறதெண்டால் ரெண்டு பேரையும் அனுப்புங்கோ. இந்த மனுசனுக்குத் தனிய ஒரு முட்டை பொரிக்கவும் தெரியாது."

சாரங்கன் கதிரை விளிம்புக்கு வந்துவிட்டான். உதடு காய்ந்திருந்தது. "கண்டுபிடிக்கேல்லையோ? அதைச் சொல்லேக்க எங்க பாத்தனீங்கள், ஐயா? மேசையையோ, அவையின்ரை முகத்தையோ?"

நீக்கிலாப்பிள்ளை மேசையில் ஓங்கி அடித்தார். தேத்தண்ணி துள்ளிச் சிந்தியது.

"காணும், தம்பி! சுத்தாமல் சொல்லுங்கோ. எங்களை எப்ப திருப்பி அனுப்பப் போறியள்?"

சாரங்கன் இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"நாளைக்கு எனக்கும் அகதி விசாரணை, ஐயா."