கண்டி வீதியில் ஒரு பெயர்

மேடையேற இரண்டு நிமிடம் இருக்கும்போது ஆரணியின் கைபேசி அதிர்ந்தது. திரையில் ‘அப்பா’.

சனிக்கிழமை மாலையில் அவர் அழைப்பதே இல்லை. அந்த நேரத்தில் மகள் ஹோட்டலின் வரவேற்பு மேசையில் வேலையாக இருப்பாள் என்றுதான் வீட்டில் சொல்லி வைத்திருந்தாள்.

இரண்டு வருடமாக அவள் அங்கே பாடிக்கொண்டிருந்தாள். மது பரிமாறுகிற இடம். அரியாலையில், அவளுடைய குடும்பத்தில், அப்படியொரு மேடையை யாரும் ஏற்கமாட்டார்கள்.

அதனால் வாசல் பலகையில் கிற்றார் வாசிக்கும் பிரகலாதனின் பெயர் மட்டும் இருந்தது. அவள்தான் அப்படிக் கேட்டிருந்தாள்.

அவளுக்குச் சம்பளம் அவனுக்குக் கொடுப்பதில் பாதி. கேட்டபோதெல்லாம் மனேஜர் குகதாசன் ஒன்றையே சொன்னார். ஆட்கள் வருவது பலகையில் இருக்கிற பெயருக்காகத்தானாம்.

ஆனால் மேசைகளிலிருந்து கடதாசித் துண்டில் எழுதி வருவதெல்லாம் அவள் பாடும் பாட்டுகள். பெயர் தெரியாமல், ‘பாடுற பிள்ளைக்கு’ என்று எழுதி அனுப்பினார்கள்.

போன கிழமை குகதாசனின் அறைக்குப் போனாள்.

“என்ரை பேரையும் போடுங்கோ.”

“போட்டுப் பாப்பம். ஆக்கள் கூடினால் சம்பளத்தைப் பிறகு கதைப்பம்.”

“பிறகில்லை. பேர் போடுற நாளிலையிருந்து பிரகலாதன் அண்ணைக்குக் குடுக்கிறதுதான் எனக்கும். இல்லாட்டி நான் வரமாட்டன்.”

வாசலில் நின்ற பிரகலாதன், அப்படியென்றால் தானும் வரப்போவதில்லை என்றான்.

குகதாசன் பேனையை எடுத்துச் சம்பளப் புத்தகத்தில் அவளுடைய தொகையைத் திருத்தினார். பலகைக்கும் சம்மதித்தார்.

இன்று காலை புதுப் பலகை ஏறிவிட்டது. பின்வாசலால் வந்ததால் அவள் அதை இன்னும் பார்க்கவில்லை. கண்டி வீதியில் போகிற எவரும் வாசிக்கலாம், அவ்வளவு பெரிய எழுத்து என்று பிரகலாதன் சொன்னான்.

அந்த வீதியால்தான் அப்பா கொடிகாமத்துக்கும் யாழ்ப்பாணத்துக்கும் பஸ் ஓட்டுகிறார். ஒரு நாளைக்கு ஆறு தடவை.

அது தெரிந்துதான் கேட்டாள். தெரிந்திருந்தும் இப்போது கைபேசியைக் கடைசி அதிர்வு வரை அதிரவிட்டாள்.

எடுத்தாள்.

முதலில் பஸ் நிலையத்தின் இரைச்சல்தான் கேட்டது. கொண்டக்டர் ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

“பிள்ளை.”

“ஓம் அப்பா.”

“காலமை துவக்கம் உந்தப் பலகையடியிலை பஸ்ஸை மெதுவாத்தான் விடுறன், ஆக்கள் வாசிக்கட்டும் எண்டு. உன்ரை பேரைப் பிழையா எழுதி வைச்சிருக்கிறாங்களடி. மூண்டு சுழி ‘ண’ போடச் சொல்லு.”