காகிதம் விழுங்கிய பிரிண்டர்

ஓர் அலுவலகத்தின் மூலை அறையில் பழைய டைப்ரைட்டரும் பழைய பிரிண்டரும் கிடந்தன. கூடத்தில் இருந்த புதிய பிரிண்டர் சத்தமே போடாது. அதில் அதற்குத் தலைகால் புரியாத பெருமை. "அந்தக் கிழடுங்க வாயைத் திறந்தா காது கிழியும்" என்று பக்கத்துக் கணினியிடம் கேலி பேசும்.

ஒருநாள் அமுதவல்லி என்ற இசையமைக்கும் பெண் மைக்கோடு வந்தாள். டைப்ரைட்டரின் டக்கடக்கையும் பழைய பிரிண்டரின் கர்ர் என்ற இழுப்பையும் பதிவுசெய்து, கணினியின் பீப் ஒலியோடு கோத்தாள். கேட்ட மேலாளர்கூடத் தோளைக் குலுக்கி ஆடினார்.

புதிய பிரிண்டரிடமும் மைக்கை நீட்டிப் பார்த்தாள். "பாவம், ஊமை" என்று நகர்ந்தாள்.

அதற்குப் பொறுக்கவில்லை. வேண்டுமென்றே ஒரு காகிதத்தை விழுங்கி, "கடக் முடக்" என்று கத்தியது.

"அட, நல்லா இருக்கே!" என்று அமுதவல்லி திரும்பினாள்.

அவ்வளவுதான். அதன்பிறகு அது எந்தக் காகிதத்தையும் உருப்படியாக வெளியே விடவில்லை. பழுது பார்க்க வந்தவர் கைவிரித்தார். "இந்தச் சனியனைத் தூக்கி உள்ளே போடுங்க" என்றார் மேலாளர்.

மூலை அறைக்கு வந்ததும் புதிய பிரிண்டர் தொண்டையைச் செருமிக்கொண்டது.

"கொஞ்சம் தள்ளி உட்காருங்கண்ணே. கச்சேரி எப்போ?"

"அந்தப் பொண்ணு போன வாரமே கிளம்பிப் போயிருச்சே தம்பி" என்றது டைப்ரைட்டர். "அதனால என்ன, நீ பாட்டுக்குப் பாடு!"