தூக்கிய தூண்டில்கள்

ஒருவருக்கு மீன் மாட்டினால் மற்றவர்கள் தூண்டிலைத் தூக்கிக்கொள்ள வேண்டும். அது கரையேறும்வரை வாய் திறக்கக் கூடாது. எங்கள் ஏரியில் அதுதான் மரியாதை. லாசரின் தக்கை முங்கியதும் நாங்கள் எல்லோரும் தூக்கிவிட்டோம். எதிர்க்கரைக்குப் புதிதாக வந்தவன் மட்டும் தூக்கவில்லை. சட்டைப் பையில் போனைப் பாடவிட்டுக்கொண்டு நின்றான்.

“யோவ், தூக்குய்யா! நரம்பு சிக்கிக்கும்!” என்று கத்தினார் லாசர்.

“ஏரி என்ன உங்கப்பன் வீட்டுச் சொத்தா?” என்ற குரல் வந்தது. அதற்குள் ஆளைப் பனி மூடியிருந்தது.

விரால் இரண்டு தூண்டில் நரம்பையும் சேர்த்து முறுக்கிவிட்டு, நாங்கள் பார்க்கவே துள்ளித் தப்பிப் போனது. லாசர் அதைக் கவனிக்கவில்லை. அவர் இழுத்தார், அந்தப் பக்கம் அவனும் இழுத்தான்.

“பெருசு,” என்று முனகியபடி லாசர் தண்ணீருக்குள் கால் வைத்தார்.

“பெருசுடா சாமி!” என்றது எதிர்க்கரை.

விட்டுக்கொடுக்க இருவருக்கும் மனமில்லை. லாசருக்கு முழங்கால் நனைந்தது, பிறகு இடுப்பு. பனிக்குள்ளிருந்து அந்தப் பாட்டு தண்ணீர்மேல் மெல்ல மெல்ல நெருங்கி வந்தது. திடீரென்று நின்றுபோனது.

லாசரின் தலை மட்டும் தெரிகிறது. இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறார். தூக்கிய தூண்டில்களோடு நாங்கள் வரிசையாக நிற்கிறோம். சொல்லலாம்தான். ஆனால் மீன் இன்னும் கரையேறவில்லையே.